பெயர் வாசித்த ஞாயிறு

"பேர் வாசிக்காமத் தர ஏலாதா தம்பி?"

2022 பொருளாதார நெருக்கடியில், கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு ஜூலை மாத உணவுப் பொதி கொடுத்தபோது கேட்ட கேள்வி இது. இரண்டாம் பூசை முடிந்து, கொழும்பில் எங்கள் கத்தோலிக்கப் பங்கின், அதாவது கோவில் சமூகத்தின், மண்டப வாசலில் பொதி பெறுவோரின் பட்டியலை வாசிக்கத் தொடங்கியிருந்தோம். அந்த அக்கா வரிசையில் நிற்கவில்லை. பக்கக் கதவால் வந்து மெதுவாகக் கேட்டார். "கணக்குக் காட்டணும் அக்கா, எல்லாருக்கும் ஒரே முறைதான்" என்றேன். அவருடைய பெயரை வாசித்தபோது யாரும் முன்னுக்கு வரவில்லை. பொதி மாலை வரை மேசையிலேயே கிடந்தது.

நான் சொன்ன பதில் பிழை என்று அன்று தோன்றவில்லை. முதலில் பெயர் வாசிக்காமல்தான் கொடுத்தோம். அன்பியங்களின், அதாவது பங்கின் அயல்வீட்டுச் சிறு குழுக்களின், பொறுப்பாளர்களே வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். ஒரே மாதத்தில் பேச்சு எழுந்தது: பொறுப்பாளரின் சொந்தக்காரருக்கு இரண்டு பொதி, பின்தெருவுக்கு ஒன்றுகூட இல்லை. அதில் பாதி உண்மைதான். விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் 6ஆம் அதிகாரத்திலும் இதே முறைப்பாடுதான் வருகிறது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை. அதற்காகத் தெரிவான ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்கள் என்பதை நான் அடிக்கடி நினைப்பேன். முறைப்பட்டவர்களின் கையிலேயே பகிர்வைக் கொடுத்திருக்கிறார்கள். நாங்களோ பட்டியலும் கையெழுத்தும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்தோம்.

பொதியில் 5 கிலோ அரிசி, 1 கிலோ மைசூர்ப் பருப்பு, 1 கிலோ சீனி, இரண்டு டின் மீன், தேயிலை, சவர்க்காரம். மார்ச்சில் ரூபாயின் மதிப்பைச் சந்தையின் போக்கில் மிதக்க விட்ட பிறகு, புறக்கோட்டை மொத்தக் கடையில் காலையில் சொன்ன விலை மாலையில் இருக்காது. காணிக்கை சேர்ந்த அன்றே சாமான் வாங்கியிருக்க வேண்டும். 'பின்னுக்கு உதவும்' என்று மூன்றில் ஒரு பங்கை வங்கியில் வைத்தோம். நல்ல காலத்தில் அது பொறுப்பான செயல். அந்த ஆண்டில் அப்படி இல்லை. செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 95 சதவீதத்தை நெருங்கியபோது அந்தப் பணத்தின் வாங்கும் வலு கரைந்துபோயிருந்தது. அதேநேரம் மாதக்கணக்குக்கு அரிசியை வாங்கி அடுக்கினால் மண்டபத்து ஈரத்தில் வண்டு பிடிக்கும். மூன்று வாரத்துக்கு மேல் மூட்டையை வைத்திருக்கக் கூடாது. சுவரில் சாய்க்காமல் பலகையின் மேல் அடுக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய பிழை அடுப்பைப் பற்றி யோசிக்காதது. சமையல் எரிவாயு கிடைக்காத அந்த வாரங்களில் தொடர்மாடி வீட்டில் பருப்பை எதில் அவிப்பது? விறகு மூட்ட இடமில்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அந்த வீடுகளுக்குப் பாணோ சமைத்த சோறோதான் போயிருக்க வேண்டும். அதை யாரும் கேட்கவில்லை. பெயர் வாசிக்கும் இடத்தில் நின்றுகொண்டு எவர் கேட்பார்?

ஓகஸ்டில் முறையை மாற்றினோம். ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்கத் தொண்டர் அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபையினர் முன்பிருந்தே இருவர் இருவராக வீட்டுக்குப் போகிறவர்கள். குடும்பங்கள் பெருகியதும் அது ஆகாது என்று விட்டிருந்தோம். அதையே திரும்ப எடுத்தோம். இரு தொண்டர்கள் போய்ப் பேசி, பெயருக்குப் பதில் இலக்கம் எழுதிய துண்டைக் கொடுப்பார்கள். அதைக் கடையில் கொடுத்துச் சாமான் எடுக்கலாம். கையெழுத்து வைப்பவர்களும் அவர்கள்தான், பெறுபவர் அல்ல. துண்டில் பணத்தொகை எழுதக் கூடாது, எடைதான் எழுத வேண்டும். தொகை எழுதினால் விலை ஏறும்போது அந்தக் குடும்பம் நட்டப்படும். எடை எழுதினால் பங்கு நட்டப்படும். கோவிலின் பெயரை அச்சடிக்கவும் கூடாது. அடித்தால் கடை வாசலில் மறுபடியும் பெயர் வாசித்ததாகும். கடைக்காரருக்கு வாராவாரம் கணக்கு முடிக்க வேண்டும். பிந்தினால் அவருடைய முதல் முடங்கும். துண்டோடு வருகிறவருக்கு 'சாமான் இல்லை' என்ற பதில் வரும்.

இந்த முறையிலும் ஒரு வீட்டுக்கு இரண்டு இலக்கம் போனது, வேறு வேறு தொண்டர்கள் வழியாக. "பட்டியல் வாசிச்சிருந்தா அன்றைக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார் குழுவில் ஒருவர். என்னால் மறுக்க முடியவில்லை. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்கிறது மத்தேயு நற்செய்தி. காணிக்கையைக் கையாளும்போது மனிதர் முன்னிலையிலும் குறைகூற இடமிருக்கக் கூடாது என்கிறார் பவுல், கொரிந்தியருக்கான இரண்டாம் கடிதத்தில். இரண்டையும் ஒருசேரக் காக்கும் முறை இருக்கிறது என்று சில நாள் நம்புகிறேன். வேறு நாட்களில், ஒன்றைக் காக்க மற்றதைக் கொஞ்சம் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றும், எதை விடுவது என்பதை அந்த நேரத்தில் முன்னால் நிற்பவரின் முகத்தைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும் என்றும் நினைக்கிறேன். அன்று நான் பட்டியலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அக்கா ஆண்டுதோறும் திருவிழா அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர். கணவர் முச்சக்கர வண்டி ஓட்டினார். பெற்றோல் வரிசையில் இரவு பகல் நின்றால் ஓட்டம் ஏது? கொடுத்துப் பழகிய கை நீளுவதற்கு எவ்வளவு பாடுபடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புதிய துண்டில் முதல் இலக்கங்களில் ஒன்று அவருக்குப் போனது. போன இருவரையும் உள்ளே அழைத்து இருத்தித் தேநீர் கொடுத்தாராம். துண்டைத் திருப்பித் தந்து, "இன்னும் கஷ்டப்பட்ட ஆக்களுக்குக் குடுங்க" என்றாராம். உண்மையில் தேவை தீர்ந்துவிட்டதா, ஜூலையில் நான் சொன்ன பதில் அதற்குள் இருந்ததா? நேரில் போய்க் கேட்க இரண்டு முறை புறப்பட்டேன். கேட்டால் அதுவும் அவர் என்னிடம் கணக்குக் காட்டுவதாகிவிடும் என்று திரும்பிவிட்டேன்.

பதிவேட்டில் அந்த இலக்கத்துக்கு நேரே 'திருப்பப்பட்டது' என்று இருக்கிறது. காரணம் எழுத வேண்டிய கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.