சேர் நேர்கோடு கீறவில்லை

உயர்தர வகுப்பில் எங்கள் உயிரியல் சேர் தூது ஆர்.என்.ஏ.யை, அதாவது புரதம் கட்டுவதற்கான செய்தியை மரபணுவிலிருந்து கொண்டுபோகும் இழையை, கரும்பலகையில் நேர்கோடாகக் கீறியதே இல்லை. நீளக் கடதாசித் துண்டில் அதன் நான்கு எழுத்துகளான ஏ, யூ, ஜி, சி என்று எழுதித் தந்து, "எது எதோட சேரும் எண்டு பாருங்கோ" என்பார். ஏ-யோடு யூ, ஜி-யோடு சி. துண்டை வளைத்துச் சோடி சேரும் இடங்களைக் குண்டூசியால் குத்தினால் ஒரு தண்டும் அதன் நுனியில் வளையமும் வரும். சோதனைக்கு வராத விசயம் என்று பின்வாங்கில் முணுமுணுப்பார்கள், சேர் விடமாட்டார்.

அவர் ஆசையோடு சொல்லித் தந்தது ஈ.கோலை பற்றீரியா டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் கதை. 1970களில் ஸ்டான்ஃபோர்டில் சார்ல்ஸ் யானோஃப்ஸ்கி குழு கண்டுபிடித்தது. டிரிப்டோபன் தயாரிக்கும் நொதிகளுக்கான ஆர்.என்.ஏ.யின் தொடக்கத்தில் நான்கு பகுதிகள். 3ஆம் பகுதி 2உடனும் சேரலாம், 4உடனும் சேரலாம். 1ஆம் பகுதியில் டிரிப்டோபனுக்கான குறிகள் இரண்டு அடுத்தடுத்து இருக்கின்றன. டிரிப்டோபன் குறைவென்றால், ஆர்.என்.ஏ.யை மூன்று மூன்று எழுத்தாக வாசித்துப் புரதம் கட்டும் றைபோசோம் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும், 2உம் 3உம் சேர்ந்துவிடும், ஆர்.என்.ஏ. தொடர்ந்து எழுதப்படும். தாராளமாக இருந்தாலோ றைபோசோம் நிற்காமல் போய் 2ஐ மூடிவிடும், அப்போது 3உம் 4உம் சேர, பின்னால் வரும் யூ வரிசையில் ஆர்.என்.ஏ.யை எழுதும் நொதி கழன்று வேலை அதோடு நின்றுவிடும். பற்றீரியாவில் கரு இல்லாததால் எழுதுவதும் வாசிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கிறது, அதனால்தான் இது சாத்தியம். எழுதத் தொடங்குவதைத் தடுக்கக் காவலுக்குத் தனியாக ஒரு புரதம் இருக்கிறதுதான், ஆனாலும் இந்த மடிப்பு தானே நிலைமையை அளந்து முடிவெடுக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய அதிசயம்.

இப்போது நான் வேலை செய்வது வைரசுகளோடு. கணினி மடிப்பைக் கணித்துத் தந்தாலும் முதலில் கண்ணால்தான் சோடி தேடுவேன், சேர் பழக்கிய பழக்கம். கொரோனா வைரசின் ஆர்.என்.ஏ.யில் மூன்று தண்டுகள் பின்னிய ஒரு முடிச்சு உண்டு. அதன் முன்னால் யூயூயூஏஏஏசி என்ற வழுக்கும் இடம். முடிச்சில் தடுக்கும் றைபோசோம் சில வேளை ஓர் எழுத்து பின்னால் நழுவி, மும்மூன்றாகப் பிரிப்பது மாறி, புதிய வாசிப்பில் தொடர்ந்து போகும். அப்படி நழுவினால்தான் வைரசுக்குத் தன்னைப் பிரதி எடுக்கும் நொதி கிடைக்கும். அளவு கூடினாலோ குறைந்தாலோ வைரசுக்குக் கஷ்டம். அதனால்தான் அந்த முடிச்சைக் குழப்பும் மருந்துகளைப் பலர் தேடுகிறார்கள். ஊரில் உயர்தரம் படிப்பிக்கும் எங்கள் பழைய மாணவர்கள் ஒருமுறையாவது அந்தக் கடதாசித் துண்டை வகுப்புக்குக் கொண்டுபோங்கள், இந்த முடிச்சையும் பிள்ளைகளே கட்டிப் பார்க்கட்டும்.