சம்பந்தி கண் கலங்கிய கதை

பழைய வண்ணாரப்பேட்டையில் அக்கா வீடு. வாசல், கூடம், ஒரு அறை, கடைசியில் சமையல்கட்டு என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்குப் பூ வைக்கிற விசேஷம். காசிமேட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் எமகண்டம் கழித்து ஒன்றரைக்கு மேல் வருவதாகப் பேச்சு. பிரியாணி மாஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "வெங்காயத்தை நீங்களே அரிஞ்சு வெச்சிடுங்கண்ணே."

பிரியாணிக்கு மெலிசாக, பச்சடிக்குப் பொடிசாக, மொத்தம் ஐந்து கிலோ. தாய்மாமன் என்ற முறையில் பொறுப்பு என் தலையில்.

வெங்காயம் அரிய உட்கார்ந்தால் யோசனை சொல்லத் தெருவே வரும். பக்கத்து வீட்டு ஆயா, "தீக்குச்சியைப் பல்லுல கடிச்சிக்கோ நைனா" என்றது. கடித்தேன். கண்ணீர் வாய்வரை வந்து குச்சியையும் நனைத்தது. அக்கா வீட்டுக்காரர் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மூச்சுக்காற்றில் கண்ணாடி மூடிக்கொண்டதில் வெங்காயம் எது, கட்டை விரல் எது என்று அவருக்குத் தெரியவில்லை. எழுப்பி அனுப்பிவிட்டோம். எதிர்வீட்டுப் பையனின் நீச்சல் கண்ணாடி மட்டும் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதைக் கழற்றிய கையோடு கண்ணைக் கசக்கினான் பாருங்கள், அந்த அலறல் மிண்ட் வரைக்கும் கேட்டிருக்கும்.

வேதியியல் படிக்கிற சின்ன மருமகள் விளக்கினாள். "வெட்டும்போது செல் உடையுது மாமா. உள்ளே தனித்தனியா இருந்த என்சைமும் கந்தகச் சேர்மமும் கலந்து ஒரு வாயு கிளம்புது. கண்ணு அதைக் கழுவித் தள்ளத்தான் அழுவுது. அந்த வாயுவை உண்டாக்கறதுக்குன்னே தனியா ஒரு என்சைம் இருக்குன்னு ஜப்பான்காரங்க 2002-ல கண்டுபிடிச்சாங்க. 2013-ல இக் நோபல் குடுத்தாங்க, அது சிரிப்பு நோபல் மாதிரி."

"அழ வெக்கிறதைக் கண்டுபிடிச்சதுக்கு சிரிப்புப் பரிசா?" என்றது ஆயா.

கத்தி கூராக இருந்தால் செல் குறைவாக நசுங்கும். அக்கா வீட்டுக் கத்தி தக்காளிக்கே மடங்கும். வெங்காயத்தைக் குளிர வைத்தால் என்சைம் மந்தமாகும். ஃபிரிட்ஜ் முழுக்க மல்லிகைப்பூ. மிச்சம் இருந்தது டேபிள் ஃபேன். வாயு முகத்துக்கு வருவதற்குள் தள்ளிவிடும். பிளக் பாயிண்ட் சமையல்கட்டுப் பின்சுவரில் இருந்ததால் ஃபேன் வாசலைப் பார்த்து நின்றது. ஒரு சொட்டு இல்லை! கத்தி பறந்தது.

பதினோரு மணிக்கே மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். எமகண்டத்துக்கு முன்பே பூ வைத்துவிடலாம் என்று அவர்கள் பெரியம்மா சொன்னாராம். கூடத்தில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். சற்று நேரத்தில் சம்பந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சம்பந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மாப்பிள்ளை கர்சீப்பை எடுத்தார். அதைப் பார்த்த அக்கா, தன் பெண்மேல் இவ்வளவு பாசமா என்று நிஜமாகவே அழ ஆரம்பித்தாள். அவளும் சம்பந்தியம்மாவும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். விசேஷ வீடா, துக்க வீடா என்று வாசலில் ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

சின்னவள் ஓடிவந்து ஃபேனை நிறுத்தினாள். நிறுத்தியதும் எல்லாம் மொத்தமாக என் மூஞ்சிக்கே வந்தது. பூ வைக்கக் கூப்பிடுகிறார்கள் என்று அப்படியே போய் நின்றேன், கன்னத்தில் ஆறாக ஓட.

"தாய்மாமன்னா இப்படி இருக்கணும்" என்றார் சம்பந்தியம்மா.

பின்னாலிருந்து மாஸ்டர் குரல்: "அண்ணே, அழுதது போதும், பச்சடிக்கு இன்னும் ஒண்ணரை கிலோ கிடக்குது."