கேடட் "வேண்டாம் சார்"னு சொன்னா ஆபீஸ் என்ன பண்ணும்?

சில வருஷம் கப்பல்ல இருந்துட்டு கரைக்கு வந்து, ஒரு பன்னாட்டு ஷிப் மேனேஜ்மென்ட் கம்பெனியோட சென்னை ஆபீஸ்ல ட்ரெய்னிங் பக்கம் சேர்ந்தேன். ஷிப் மேனேஜ்மென்ட்னா என்னன்னு நம்ம ஊர்ல நிறைய பேருக்கு தெரியாது. ஓனர் கிரீஸ்லயோ ஜப்பான்லயோ இருப்பாரு, கப்பல் பறக்க விடற கொடி பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள்னு ஏதாவது ஒண்ணு, வேலை செய்றவங்க இந்தியா, பிலிப்பைன்ஸ், உக்ரைன்னு பல ஊர்க்காரங்க. ஆள் எடுக்கறது, ட்ரெய்னிங் குடுக்கறது, ரிப்பேர், ஸ்பேர் பார்ட்ஸ், சர்டிபிகேட்னு கப்பலை ஓட்டிக் குடுக்கற பொறுப்பு மொத்தமும் மேனேஜர் கம்பெனிக்கு, அதுக்கு ஓனர் ஒரு ஃபீஸ் குடுப்பாரு.

இதுல பெரும்பாலான கப்பல்காரங்க நிரந்தர ஊழியர்கள் கிடையாது. ஆபிசர்னா நாலு மாசம் ஆறு மாசம், கீழ் ரேங்க்ல இருக்கறவங்க எட்டு ஒம்பது மாசம்னு கான்ட்ராக்ட், சைன் ஆஃப் பண்ணி இறங்கிட்டா சம்பளமும் அங்கயே நின்னுடும் (சீனியர் ரேங்க்குக்கு சில கம்பெனி லீவ்லயும் ஏதோ குடுக்கறாங்க, ஆனா அது கொஞ்சம் பேருக்குத்தான்). அடுத்த தடவை கூப்பிடுவாங்களா இல்லையாங்கறது கேப்டன் எழுதற அப்ரைசலை வெச்சுத்தான். ட்ரெய்னிங் பத்தி, வெல்பீயிங் பத்தி யார் என்ன பேசினாலும் நான் இதை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் கேப்பேன்.

ஏன்னா தொழில் கத்துக் குடுக்கறது கஷ்டமான வேலையே இல்ல. கப்பல்காரங்களோட பயிற்சிக்கும் சர்டிபிகேட்டுக்கும் உலக அளவுல இருக்கற எஸ்டிசிடபிள்யூ ஒப்பந்தம் 1978-ல வந்துது, 1995-லயும் 2010-லயும் பெரிய அளவுல திருத்தினாங்க, தீயணைக்கறது, உயிர்காப்பு படகு, ரேடார், எலக்ட்ரானிக் சார்ட் எல்லாத்துக்கும் கோர்ஸ் இருக்கு, பசங்களும் நல்லா பண்றாங்க. கஷ்டமே பேச வைக்கறதுதான். உதாரணத்துக்கு மூடின டேங்க்கை எடுத்துக்கோங்க. காத்துல சாதாரணமா 20.9 சதவீதம் ஆக்சிஜன் இருக்கும், ஆனா மாசக்கணக்கா மூடியிருந்த டேங்க்ல துருவே அந்த ஆக்சிஜனை தின்னுடும், நிலக்கரியோ மரத்தடியோ ஏத்தியிருந்தா ஹோல்டுக்கு (சரக்கு வைக்கற இடம்) இறங்கற ஏணிப் பக்கம் கூட அதே ஆபத்துதான். வாசனை கிடையாது, மூச்சு முட்டற உணர்வு கூட வராது, இறங்கினவன் அப்படியே விழுந்துடுவான், அவனைத் தூக்கறேன்னு யோசிக்காம ஓடற ரெண்டாவது ஆளும் விழுவான். உலகம் முழுக்க கப்பல்ல இப்படித்தான் திரும்பத் திரும்ப சாவு நடக்குது. 2015-ல இருந்து ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை இதுக்கு ட்ரில் கட்டாயம். விதி தெரியாம யாரும் சாகறதில்ல.

ஒரு பேட்ச்ல தூத்துக்குடி கேடட் (ஆபிசர் ஆகறதுக்கு பயிற்சி எடுக்கற பையன்) ஒருத்தன் கேட்டான், "சார், டேங்க்ல ஆக்சிஜன் இருக்கான்னு மீட்டர் வெச்சு பாக்காமயே சீஃப் ஆபிசர் அஞ்சு நிமிஷ வேலைதான் இறங்குடான்னு சொன்னா நான் என்ன பண்ண?" ஒட்டுமொத்த கிளாஸும் அமைதியாயிடுச்சு. ஸ்டாப் வொர்க் அத்தாரிட்டின்னு ஒரு கார்டு நிறைய கம்பெனி குடுக்குது, யார் வேணாலும் எந்த வேலையையும் நிறுத்தலாம்னு அதுல போட்டிருக்கும். அந்தக் கார்டு அவன் பாக்கெட்டுலயே இருந்துது, இருந்தும் கேக்கறான், ஏன்னா கேப்டனுக்கு அடுத்த ரேங்க்ல இருக்கற அந்த சீஃப் ஆபிசர்தான் அவனோட அப்ரைசலுக்கு முதல்ல எழுதறவரே. இதுக்கு ஸ்லைடுல பதில் கிடையாது. இறங்கமாட்டேன்னு சொல்லு, சொன்னதுக்கப்புறம் ஆபீஸ் உன் பக்கம் நிக்கும்னு நான் சொல்லணும், அதை நான் சொல்லணும்னா ஆபீஸ் நிஜமாவே நின்ன சம்பவம் ஒண்ணாவது கையில இருக்கணும்.

எங்க ஆபீஸ்ல அப்படி ஒண்ணு நடந்துது. காத்து பலமா வீச ஆரம்பிச்சுடுச்சுன்னு ஒரு கேப்டன் வேலையை நிறுத்தினாரு, சார்ட்டரர் (கப்பலை வாடகைக்கு எடுத்தவன்) கத்தறான், ஓனர் போன் மேல போன். கரையில இருந்து கப்பலைப் பாத்துக்கற எங்க டெக்னிக்கல் சூப்பரின்டென்டென்ட் கப்பலுக்கு போன் போட்டு முதல் வார்த்தையா "நிறுத்தினது சரி கேப்டன், எல்லாரும் நல்லா இருக்காங்களா"ன்னு கேட்டாரு. அதை நான் ஒவ்வொரு பேட்ச்லயும் சொல்றேன். எதிர்மாறா "எப்ப திரும்ப ஆரம்பிப்பீங்க"ன்னு ஆரம்பிக்கற போனும் இதே தொழில்ல நிறைய கேட்டிருக்கேன், அந்த ஒரு போன் வருஷம் பூரா குடுத்த ட்ரெய்னிங்கை அழிச்சிடும், ஏன்னா கப்பல்ல எல்லாரும் கேப்டன் முகத்தைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க.

ரெஸ்ட் அவர்ஸ் கதையும் இதேதான். 24 மணி நேரத்துல குறைஞ்சது 10 மணி நேரம் ஓய்வு, அதுல ஒரு ஓய்வாவது தொடர்ச்சியா 6 மணி நேரம், வாரத்துக்கு 77 மணி நேரம்னு சட்டம். போர்ட்டுக்குள்ள வந்துட்டா பைலட் (கப்பலுக்கு வழிகாட்ட ஏறற துறைமுக ஆள்), கார்கோ, பங்கர் (எரிபொருள் நிரப்பறது), ஸ்டோர்ஸ், இன்ஸ்பெக்‌ஷன்னு எல்லாம் ஒண்ணா வரும், ஆளோ அதே ஆள்தான். சாப்ட்வேர்ல உண்மையான நேரத்தைப் போட்டா விதி மீறல்னு சிவப்பு வரும், சிவப்பு வந்தா ஆபீஸ்ல இருந்து விளக்கம் கேட்டு மெயில் வரும், அதனால பச்சை வர்ற மாதிரி எழுதிடறாங்க. மூணு மாசம் தொடர்ந்து எல்லாமே பச்சையா வர்ற கப்பலைப் பாத்தா எனக்கு பயமா இருக்கு. சிவப்பு காட்டின கப்பலுக்கு விளக்கம் கேக்காம, "கூட ஒரு ஆள் அனுப்பட்டுமா"ன்னு கேக்கணும்னு நான் மீட்டிங்ல சொல்லிக்கிட்டே இருக்கேன், இன்னும் முழுசா நடக்கல.

வெல்பீயிங்னு வந்தா ஜிம், கரோக்கி, யோகா வீடியோ எல்லாம் குடுக்கறாங்க, நல்லதுதான். மனநல ஹெல்ப்லைன் நம்பர் மெஸ் ரூம்ல ஒட்டியிருக்கு. ஆனா தூக்கம் வரலன்னு சொன்னா அடுத்த மெடிக்கல்ல அன்ஃபிட் போட்டுருவாங்களோன்னு பயந்து யாரும் கூப்பிடறதில்ல. எனக்குத் தெரிஞ்சு கப்பல்ல மனசை நிமித்தற விஷயம் மூணு, நல்ல குக், வீட்டுக்கு பேசற அளவுக்கு நெட், சொன்ன தேதிக்கு ரிலீவர் (நம்ம இடத்துக்கு மாத்தா வர்ற ஆள்). நெட் விஷயத்துல 2024 டிசம்பர்ல அமலுக்கு வந்த எம்எல்சி (கப்பல்காரங்க உரிமைக்கான உலக ஒப்பந்தம்) திருத்தம் கொஞ்சம் உதவுது. ரிலீவர் விஷயத்துல 2020-ஐ மறக்கவே முடியாது, கொரோனாவுல நிறைய நாடுகள் உள்ள விடாம ஒரு கட்டத்துல 4 லட்சம் பேர் வரைக்கும் கான்ட்ராக்ட் முடிஞ்சும் கப்பல்லயே மாட்டிக்கிட்டாங்க. அப்ப கப்பலுக்கு ஆள் அனுப்பற எங்க க்ரூயிங் டெஸ்க்ல இருந்த பொண்ணுங்க ராத்திரி பூரா ஃப்ளைட், விசா, குவாரண்டைன்னு போராடினாங்க, ஒவ்வொரு வீட்டுல இருந்தும் அம்மாவோ மனைவியோ அழுதுக்கிட்டே கூப்பிடுவாங்க, அதையும் அவங்கதான் எடுக்கணும். கரையில இருக்கறவங்க களைச்சுப் போறதை இந்த தொழில்ல யாரும் கணக்குலயே எடுக்கறதில்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு போன் எடுத்த சூப்பரின்டென்டென்ட் காலையில ஒம்பது மணிக்கு சீட்ல இருக்கணும், அவருக்கு ரெஸ்ட் அவர்ஸ் ஷீட் கிடையாது.

ஒரு நல்ல மாற்றம், 2026 ஜனவரி 1-ல இருந்து மிரட்டல், பாலியல் தொல்லை உட்பட எல்லா வகை துன்புறுத்தலையும் தடுக்கற பாடம் எஸ்டிசிடபிள்யூ அடிப்படைப் பயிற்சியிலயே கட்டாயம். பொண்ணுங்க கேடட்டா வர ஆரம்பிச்ச இந்த நேரத்துல இது ரொம்ப தேவை. ஆனா புகார் குடுத்த பொண்ணை அடுத்த போர்ட்ல இறக்கிட்டு, அந்த ஆளை கப்பல்லயே வெச்சிருந்தா பாடம் என்ன பண்ணும்?

எந்த கம்பெனில சேரட்டும்னு பசங்க என்கிட்ட கேக்கறாங்க. வேலைக்கு காசு கேட்டா அங்கயே எழுந்து வந்துடு, அது எம்எல்சி படி தப்பு, ஏஜென்ட்டுக்கு டிஜி ஷிப்பிங் (மத்திய அரசோட கப்பல் துறை) குடுத்த ஆர்பிஎஸ்எல், அதாவது கப்பலுக்கு ஆள் எடுக்கற லைசென்ஸ் இருக்கான்னு பாருன்னு சொல்வேன். அப்புறம் அந்த கம்பெனில போய்ட்டு வந்த ரெண்டு மூணு பேரைப் பிடிச்சு கேளு, ரிலீவர் சொன்ன தேதிக்கு வந்தானா, வேலையை நிறுத்தினவன் யாராவது இருந்தா அவனுக்கு அடுத்த கான்ட்ராக்ட் கிடைச்சுதான்னு.