இது போதுமா மேடம்?

"இது போதுமா மேடம்? நீங்களும் வக்கீல்தானே, சொல்லுங்க."

குடும்ப வழக்குகளில் இரு தரப்புக்கும் நடுவே இருந்து பேசவைக்கும் சமரசர் நான். ஒரு தரப்பை மட்டும் வைத்துப் பேசும் தனி அமர்வில், கணவர் தருவதாகச் சொன்ன தொகையைப் பற்றி அந்தப் பெண் கேட்டது இவ்வளவுதான். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. (அறைக்குள் பேசியது வெளியே போகக் கூடாது என்பதால் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

"உங்க வக்கீல்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்கம்மா" என்றேன். அன்றைக்கு அவருடைய வக்கீல் வரவில்லை. அது தெரிந்தேதான் சொன்னேன்.

சமரசர் அப்படித்தான் சொல்ல வேண்டும். 40 மணி நேரப் பயிற்சியில் திரும்பத் திரும்பக் கேட்டது இதுதான்: தீர்ப்புச் சொல்லாதே, யோசனை சொல்லாதே, அவர்களே ஒரு முடிவுக்கு வரட்டும். 15 வருடம் குடும்பநல நீதிமன்றத்தில் வாதாடிவிட்டு வந்த எனக்கு அது லேசில் வரவில்லை. ஒருமுறை ஜீவனாம்சப் பேச்சில் "இது கொஞ்சம் குறைவு" என்று சொல்லிவிட்டேன். "நீங்களும் அவங்க பக்கம்தானா?" என்று கணவர் எழுந்து போய்விட்டார். அந்தச் சமரசம் அதோடு முறிந்தது. அப்போதிருந்து வாயைக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் இந்தப் பெண்ணுக்குத் தருவதாகச் சொன்ன மொத்தத் தொகை குறைவு என்பது, அத்தனை வழக்கு நடத்திய எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவர்கள் மனு போட்ட கையோடு சமரசத்துக்கு வந்தவர்கள். பத்திரம் இன்னும் வரவில்லை. கணவரின் வருமானம் அவர் வாயால் சொன்னதுதான். "அது வந்த பிறகு பேசலாமா?" என்று நான் கேட்டிருக்கலாம். அது யோசனை ஆகாது, கேள்விதான். கேள்வி கேட்பதற்குத்தானே தனி அமர்வு?

எதுவுமே கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. "கோர்ட்ல நடத்தினா என்ன கிடைக்கும்னு யோசிச்சீங்களா?" என்றேன். "எத்தனை வருஷம் மேடம்? இனிமே என்னால அலைய முடியாது" என்றார். சரி, அலைச்சல் எவ்வளவு கொடுமை என்று அவருக்குத்தான் தெரியும். அடுத்த அமர்வுக்கு வக்கீலும் வந்தார், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். பிறகு நான் ஏன் குழம்ப வேண்டும்? இதுவரை நியாயமாகத்தான் படுகிறது. அப்புறம், முடிவெடுத்துவிட்டவர் எதற்கு "போதுமா" என்று கேட்டார் என்று தோன்றும். அந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறேன்.

அதைவிட உறுத்துவது ஒன்று உண்டு. அந்த ஒப்பந்தத்தோடு இவர்கள் பரஸ்பர சம்மத விவாகரத்துக்குப் போனார்கள். பரஸ்பர சம்மத விவாகரத்தில், இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவின்படி, மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் யாரும் மனம் மாறலாம். 2017இல் அமர்தீப் சிங் வழக்கில், இந்தக் காத்திருப்பை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. அதற்கான நிபந்தனைகளில் ஒன்று, ஜீவனாம்சம் உட்பட எல்லாப் பிரச்சினைகளும் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும் என்பது. தீர்ந்துவிட்டது என்பதற்கு இவர்கள் காட்டியது நான் எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தைத்தான். ஆறு மாதம் தள்ளுபடியானது. அந்தப் பெண் நிதானமாக யோசித்திருக்கக்கூடிய ஆறு மாதம்.

இப்போதெல்லாம் வக்கீல் வராத நாளில் தொகைப் பேச்சு வந்தால் அமர்வைத் தள்ளிவைத்துவிடுகிறேன். போன மாதம் அப்படிச் செய்தபோது வேறொரு பெண், "இன்னொரு நாள் லீவு கிடைக்காது மேடம், இன்னிக்கே முடிச்சுக் கொடுங்க" என்று கெஞ்சினார். தள்ளித்தான் வைத்தேன்.

அடுத்த தேதிக்கு அவர் வரவில்லை.