ஒன்றியச் சாலை டெண்டர்: எத்தனை சதவீதம் 'லெஸ்' என்று யோசிப்பதற்கு முன்னால்

ஊராட்சி ஒன்றிய ஆபீஸ் எதிரே டீக்கடையில் நிற்கும் காண்ட்ராக்டர்களிடம் டெண்டர் பேச்சை எடுத்தால் முதல் கேள்வியே "எவ்வளவு லெஸ் போட்டீங்கண்ணா?" என்பதுதான். லெஸ் என்றால் எஸ்டிமேட் மதிப்பிலிருந்து எத்தனை சதவீதம் குறைத்து விலை போடுகிறோம் என்பது. தளி, கெலமங்கலம், பென்னாகரம் பக்கத்துக் கிராமச் சாலை வேலைகளுக்கு டெண்டர் போட்டுப் பார்த்த வரையில், விலையைக் கடைசியாகத்தான் யோசிக்க வேண்டும். விலை உறை திறக்கும் முன்பே பலர் வெளியே போய்விடுகிறார்கள். வேலையை ஜெயித்த பிறகு மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு.

சட்டம் 1998-இன் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், அதற்கான விதிகள் 2000-இல் வந்தவை. 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு அறிவிப்பு வெளியான நாளிலிருந்து குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதி தர வேண்டும். 15 நாள் தாராளமாகத் தெரியும். சொத்து மதிப்பைக் காட்டும் சால்வன்சி சான்று பழையதாகி, புதிதாக வாங்கத் தாலுகா ஆபீஸுக்கு நடக்க ஆரம்பித்தால் அந்த 15 நாளும் அதற்கே சரியாகிவிடும். ஆகவே டெண்டர் வருவதற்கு முன்பே சான்றுகளைப் புதுப்பித்து வைத்துவிடுவது நல்லது. திருத்த அறிவிப்பு கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம்கூட வரலாம். டெண்டர் இணையதளத்தைத் தினமும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

சான்றுகளுக்கு ஒரு உறை, விலைக்கு ஒரு உறை என்ற இரண்டு உறை முறையில், முதலில் திறக்கும் தொழில்நுட்ப உறைதான் வடிகட்டி. பதிவுச் சான்றில் ஒரு பெயர், ஜி.எஸ்.டி.யில் இனிஷியல் மாறி இன்னொரு பெயர், தார்க்கலவை தயாரிக்கும் ஹாட் மிக்ஸ் பிளாண்ட் வாடகை ஒப்பந்தத்தில் தேதி இல்லை, ஸ்கேன் மங்கல். நிராகரிப்புக்கு வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இவைதான். இதையெல்லாம் சரிபார்க்கிறவர்கள்கூட ஏல ஆற்றல் கணக்கில், அதாவது எவ்வளவு பெரிய வேலைக்கு டெண்டர் போடத் தகுதி என்ற கணக்கில், கோட்டை விடுவார்கள்.

அதன் சூத்திரம் ஏ × என் × எம் கழித்தல் பி. ஏ என்பது கடந்த ஐந்து ஆண்டில் ஏதாவது ஒரே ஆண்டில் நீங்கள் முடித்த அதிகபட்ச வேலையின் மதிப்பு. என், இந்த வேலைக்குக் கொடுத்த காலம், ஆண்டுக் கணக்கில். எம், ஆவணத்தில் தந்திருக்கும் பெருக்கு எண். பி, அதே காலத்தில் கையில் பாக்கி இருக்கும் வேலைகளின் மதிப்பு. ஏ 1.2 கோடி, எம் 2, வேலைக்கு ஆறு மாதம் என்றால் என் 0.5. ஆகப் பெருக்கி வருவது 1.2 கோடி. பாக்கி வேலை 70 லட்சம் இருந்தால் மிஞ்சுவது 50 லட்சம். 60 லட்ச ரூபாய் டெண்டருக்கு நீங்கள் தகுதி இல்லை. வேலைக்காலம் குறையக் குறைய ஆற்றலும் சுருங்கும். வருஷத்துக்கு ஒன்றேகால் கோடி வேலை செய்கிற ஆள் 60 லட்சத்துக்குத் தகுதி இல்லாமல் போவது இப்படித்தான். பி-யை மறைத்து எழுதலாம் என்று நினைக்காதீர்கள். போட்டியாளரே ஒர்க் ஆர்டர் நகலோடு வந்து நிற்பார்.

தளத்தில் ஏற்றுவதில் மூன்று விஷயம். வேலை வாரியாக அளவும் விலையும் குறிக்கும் பி.ஓ.க்யூ. எக்ஸெல் ஃபைலின் பெயரை மாற்றக் கூடாது. இறக்கிய பெயரிலேயே நிரப்பி ஏற்ற வேண்டும். இ.எம்.டி. என்ற முன்வைப்புத் தொகையை நெஃப்ட் சலானில் கட்டுவதானால் ஒரு நாள் முன்னதாகவே கட்டுங்கள், பணம் போய்ச் சேர நேரம் எடுக்கும். எல்லாம் ஏற்றிய பிறகு 'ஃப்ரீஸ்' பட்டனை அழுத்தினால்தான் ஏலம் பதிவாகும். அதை அழுத்தாமல் மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள் இருக்கிறார்கள். நேரம் என்பது சர்வர் திரையில் ஓடும் கடிகாரம். உங்கள் செல்போன் காட்டும் நேரம் செல்லாது.

இனி அளவு. பணம் போவது இங்கேதான்.

ஒரு கிலோமீட்டர், 3 மீட்டர் அகலம், 75 மி.மீ. கனத்தில் கிரேடு 2 ஜல்லி ஒரு அடுக்கு என்று வைத்துக்கொள்வோம். பி.ஓ.க்யூ.வில் இருப்பது ரோலர் ஓட்டி இறுகிய பிறகான அளவு: 3,000 சதுர மீட்டர் × 0.075 = 225 கன மீட்டர். கிரஷர்காரர் விற்பது யூனிட்டில், அதாவது 100 கன அடி, 2.83 கன மீட்டர். 225-ஐ 2.83-ஆல் வகுத்து "80 யூனிட்" என்று குறித்துக்கொண்டு வந்தால் நஷ்டம் ஆரம்பம். 75 மி.மீ. இறுகிய கனம் வர 10 சதுர மீட்டருக்குக் குறைந்தது 0.91 கன மீட்டர் ஜல்லியைப் பரப்ப வேண்டும். மொத்தம் 273 கன மீட்டர், 96 யூனிட்டுக்கு மேல். வித்தியாசம் 17 யூனிட். இதில் டிப்பரில் சிந்துவதும் குறைவாக ஏற்றுவதும் சேரவில்லை.

தார்க் கணக்கும் அப்படியே. ஜல்லியின் மேல் போடும் 20 மி.மீ. பிரீமிக்ஸ் கார்ப்பெட் என்ற தார்க்கலவை அடுக்குக்கு 10 சதுர மீட்டருக்கு 14.6 கிலோ, அதன் மேல் துளை அடைக்கும் பி வகை சீல் கோட்டுக்கு 6.8 கிலோ. இந்தச் சாலைக்கு 4,380 கிலோவும் 2,040 கிலோவும், சுமார் 6.4 டன். அடுக்கு ஒட்டுவதற்காகத் தெளிக்கும் டேக் கோட் தனி. வாங்கிய தாருக்கு ரிஃபைனரி இன்வாய்ஸ் அசல் கேட்பார்கள். வேறொரு வேலையில் மிஞ்சிய தாரை இங்கே ஊற்றிக் கணக்கை நேர் செய்யலாம் என்று நினைத்தால் பில் நிற்கும்.

எஸ்டிமேட்டில் லீட், அதாவது பொருள் கொண்டுவரும் தூரம், எந்தக் குவாரியிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள் என்று ஓவர்சீயரிடம் கேட்டுப் பாருங்கள். வரைபடத்தில் பக்கத்தில் இருக்கும் குவாரி இப்போது ஓடாமல் இருக்கலாம். மலைப்பாதையில் பெரிய டிப்பர் திரும்பாது. சின்ன வண்டிக்கு மாற்றி ஏற்ற வேண்டும், அந்தக் கூலி எந்த ஐட்டத்திலும் வராது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சாலை காப்புக்காட்டைத் தொடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2014-இல் அறிவித்த காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரு மாவட்டத்திலும் பரவியிருக்கிறது. வனத்துறை அனுமதி கையில் இல்லாத வேலைக்கு டெண்டர் போட்டால் ஆளும் ரோலரும் சும்மா நிற்கும். ஓரத்திலேயே கிராவல் வெட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பும் அங்கே நடக்காது. யானை நடமாட்டம் இருக்கும் இடத்தில் இருட்டிய பிறகு வேலை கிடையாது. பிளாண்டிலிருந்து கிளம்பும் கடைசி லோடு ஆறிப்போவதற்கு முன் போட்டு முடிக்கிற மாதிரி நேரத்தைக் கணக்குப் போடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு லெஸ். நம் பக்கத்து டெண்டர் ஆவணங்களில் கூடுதல் காப்புத்தொகை நிபந்தனை வழக்கமாக இருக்கும்: எஸ்டிமேட்டைவிட 5 முதல் 15 சதவீதம் குறைவாகப் போட்டால் எஸ்டிமேட் மதிப்பில் 2 சதவீதம், 15-ஐத் தாண்டினால் வித்தியாசத் தொகையில் பாதி. 50 லட்ச வேலைக்கு 12 சதவீத லெஸ் என்றால் கட்ட வேண்டியது 1 லட்சம். 18 சதவீதம் என்றால் வித்தியாசம் 9 லட்சம், கட்ட வேண்டியது 4.5 லட்சம். அதாவது 15 என்ற கோட்டைத் தாண்டியதும் படி ஏறுவது போல ஏறிவிடும். வட்டிக்கு வாங்கித்தான் இதைக் கட்டுவோம் என்றால் அந்த வட்டி விலையிலேயே இருக்க வேண்டும். 16 சதவீதம் போட நினைத்தால் 14.9-இல் நிற்க முடியுமா என்று ஒருமுறை யோசியுங்கள்.

பில்லிலும் முழுப்பணம் வராது. வருமான வரிப் பிடித்தம் தனிநபருக்கு 1, நிறுவனத்துக்கு 2 சதவீதம். ஒப்பந்தம் 2.5 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம். இவை பிறகு கணக்கில் நேராகும், ஆனால் அன்றைக்குக் கையில் இருக்காது. தொழிலாளர் நல நிதி 1 சதவீதம் எஸ்டிமேட்டில் தனியாக இருக்கிறதா, உங்கள் விலைக்குள்ளா? 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியே தருவார்களா, சேர்த்தா? இரண்டையும் பி.ஓ.க்யூ. தலைப்பிலும் நிபந்தனைப் பக்கத்திலும் படித்து உறுதி செய்யாமல் ஒரு கட்டத்திலும் எண் போடாதீர்கள்.

எல்-1, அதாவது குறைந்த விலைக்காரராக, வந்தால் விலையைக் குறைக்கச் சொல்லிப் பேச்சுக்குக் கூப்பிடலாம். குறைந்த விலைக்காரரிடம் மட்டும்தான் பேச முடியும், இரண்டாவது ஆளிடம் பேரம் பேசச் சட்டத்தில் இடமில்லை. அப்படி நடந்தாலோ, தவறாக உங்களை ஒதுக்கிவிட்டு வேறொருவருக்கு வேலை கொடுத்தாலோ, 11-ஆம் பிரிவின்படி அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 10 நாள்தான். ஆணை கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவார்கள். தபாலில் வந்தால் கவரைக் கிழித்துப் போடாமல் முத்திரையோடு எடுத்து வையுங்கள்.