சிற்றலை நேயர்களின் பழைய இணையதளம் ஒன்றைச் சேமித்த அனுபவம்

சிற்றலை வானொலி கேட்பதைப் பொழுதுபோக்காகக் கொண்ட தமிழ் நேயர்கள் சிலர் 2000களின் தொடக்கத்தில் சேர்ந்து நடத்திய சிறிய இணையதளம் ஒன்று, அதைத் தாங்கியிருந்த வழங்கி நிறுவனம் பழைய கணக்குகளை மூடப்போவதாக அறிவித்ததால் அழியும் நிலைக்கு வந்தது. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுதோறும் மாறும் அலைவரிசைப் பட்டியல்கள், எந்த ஊரில் எந்த நிலையம் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்ற குறிப்புகள், கொழும்பிலிருந்தும் பெய்ஜிங்கிலிருந்தும் வந்த க்யூஎஸ்எல் வண்ண அட்டைகளின் (ஒலிபரப்பைக் கேட்டதை உறுதிசெய்து நிலையங்கள் நேயர்களுக்கு அனுப்புபவை) படங்கள், நிலையங்களின் அடையாள இசைத் துணுக்குகள் ஆகியவை அதில் இருந்தன. பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 அன்று நின்றுவிட்டது. அது மழைக்கால இரவுகளில் ஒரு சிற்றூரில் எப்படிக் கேட்டது என்பதை நேயர்கள் எழுதிவைத்த இத்தகைய குறிப்புகளில் அல்லாமல் வேறெங்கு தேடுவது? ஆகவே இதைக் காப்பது என் கடமை என்றே எண்ணினேன்.

இத்தகைய மூடல் அறிவிப்புகளில் காலக்கெடுவைத் தளர்த்துவார்கள் என்று நம்பியிருப்பது வீண். 2009 ஏப்ரலில் மூடப்போவதாக அறிவிக்கப்பட்ட, தனிநபர்கள் இலவசமாகத் தளங்கள் அமைத்துவந்த ஜியோசிட்டீஸ் அந்த ஆண்டு அக்டோபர் 26 அன்றே மூடப்பட்டது. மூடப்படும் தளங்களைச் சேமிக்கும் ஆர்க்கைவ் டீம் குழுவின் தன்னார்வலர்கள் இரவுபகலாக இறக்கி வைத்த படிகள் இல்லாவிட்டால் அதில் பெரும்பகுதி போயிருக்கும்.

முதலில், பழைய இணையப் பக்கங்களின் படிகளைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பார்த்தேன். முகப்பும் சில கட்டுரைகளும் இருந்தன. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் பட்டியல் வழியே மட்டும் எட்டக்கூடிய பக்கங்களும் அட்டைப் படங்களில் பெரும்பாலானவையும் அங்கே இல்லை. அடுத்து, தளத்தை நடத்திய முதியவரைப் பழைய நேயர் ஒருவர் மூலம் கண்டுபிடித்துப் பேசினேன். அவர் மகிழ்ச்சியோடு எழுத்து மூலம் அனுமதி தந்ததோடு, வழங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையும் தேடிக் கொடுத்தார். தளப் பெயரின் புதுப்பிப்பை விட்டுவிட வேண்டாம் என்று அவரிடம் வற்புறுத்தினேன். டாட் காம் பெயர் ஒன்று காலாவதியானால், பதிவு நிறுவனம் அதை அதிகபட்சம் 45 நாட்கள் வரை வைத்திருந்து நீக்கலாம். நீக்கிய பின் மீட்டெடுக்க 30 நாட்களும், அதன் பின் 5 நாட்களும் கழிந்தால் யார் வேண்டுமானாலும் அதை வாங்கிவிட முடியும். பழைய இணைப்புகள் எல்லாம் சூதாட்ட விளம்பரத்துக்குப் போய்ச் சேர்ந்த தளங்கள் எத்தனையோ.

பக்கங்களை இறக்க, இணையதளங்களை மொத்தமாக நகலெடுக்கும் டபிள்யூகெட் நிரலைப் பயன்படுத்தினேன். 2012இல் வந்த 1.14 பதிப்பு முதல் அதனால் வார்க் என்ற காப்பக வடிவத்திலும் சேமிக்க முடியும். வழங்கி அனுப்பிய தலைப்புத் தகவல்கள், நாள், நேரம் ஆகியவற்றோடு ஒவ்வொரு பக்கத்தையும் அப்படியே பதிந்துவைக்கும் இந்த வடிவம் ஐஎஸ்ஓ 28500 என்ற தரமாக ஏற்கப்பட்டது. வெறும் கோப்புகளாக நகலெடுப்பதைவிட இதுவே மேல் என்பது என் உறுதியான கருத்து. பின்னாளில் ஒருவர் ஐயம் எழுப்பினால், எந்த முகவரியில் எந்த நாளில் எது இருந்தது என்று காட்ட முடியும். தளத்தின் நாட்காட்டிப் பகுதி முடிவில்லாமல் அடுத்த மாதத்துக்கு இணைப்பு கொடுத்துக்கொண்டே இருந்ததால் அதை மட்டும் விலக்கினேன். வழங்கி திணறாதிருக்க, ஒவ்வொரு கோரிக்கைக்கும் நடுவே சில நொடி இடைவெளி விட்டேன்.

உண்மையான வேலை எழுத்துருவில்தான் இருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தளம் என்பதால், சில பக்கங்கள் பாமினி என்ற எழுத்துருவிலும் சில பக்கங்கள் டிஸ்கி என்ற குறிமுறையிலும் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) எழுதப்பட்டிருந்தன. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எழுத்துருவை நிறுவினால் அது சரியாகிவிடும். டிஸ்கி பக்கங்களின் நிலை இன்னும் சிக்கலானது. அவற்றின் குறிமுறை 'பயனர் வரையறுத்தது' என்று குறிக்கப்பட்டிருந்தது. அப்படிக் குறித்த பக்கங்களின் மேல்வரிசை எழுத்துகளை (128 முதல் 255 வரையான எண்களில் உள்ளவை) இன்றைய உலாவிகள் யூனிகோடில் எந்த மொழிக்கும் ஒதுக்கப்படாத தனிப்பயன் பகுதி ஒன்றுக்கு மாற்றிவிடுகின்றன. அதனால் பழைய எழுத்துருவைத் தேடி நிறுவினாலும் கட்டங்களே தெரிந்தன. எனவே எழுத்துருக் கோப்புகளையும் தளத்தின் ஒரு பகுதியாகக் கருதிச் சேர்த்து வைத்துவிட்டு, மூலத்தைத் தொடாமல், படிப்பதற்கென யூனிகோடு படி ஒன்றைத் தனியே தயாரித்தேன்.

பழைய குறிமுறைகள் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமித்தவை. கொம்பு முதலிலும், மெய்யெழுத்து அடுத்தும், கால் இறுதியிலும் வரும். நேருக்கு நேர் மாற்றினால் வானொலித் தளத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும் 'கொழும்பு' என்ற பெயர் 'ெகாழும்பு' ஆகிவிடும். பாமினியில் 'ர்' என்பது காலும் புள்ளியுமாகவே எழுதப்பட்டிருக்கும். அதைத் தனியாகக் கவனிக்காவிட்டால் 'நேயர்' என்ற சொல்லே கெட்டுப்போகும். ஔகாரக் குறியும் 'ள'கரமும் ஒரே வடிவம் கொண்டிருப்பதால் எந்த நிரலும் அங்கே தடுமாறும். அத்தகைய இடங்களை ஒவ்வொன்றாகப் படித்தே திருத்த வேண்டியிருந்தது. அலைவரிசை எண்களில் ஓர் இலக்கம் கூட மாறிவிடக் கூடாது என்பதால், அட்டவணைகளை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன்.

ஒலித் துணுக்குகள் ரியல்ஆடியோ என்ற பழைய ஒலி வடிவில் இருந்தன. பக்கத்தில் சொடுக்கினால் கிடைப்பது ராம் என்ற சிறு உரைக் கோப்பு. ஒலிக்கோப்பின் முகவரி அதனுள்ளே ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கும். இறக்கும் நிரல் அந்த வரியைப் பின்தொடர்வதில்லை. அந்தக் கோப்புகளைத் திறந்து முகவரிகளைத் திரட்டி, ஒலிகளைத் தனியே இறக்கி, ஒலி வடிவங்களை மாற்றித் தரும் எஃப்எஃப்எம்பெக் நிரலால் இன்றைய வடிவில் இன்னொரு படியும் எடுத்தேன்.

பொதுவில் வைப்பதற்கு முன் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. வண்ண அட்டைகளில் நேயர்களின் வீட்டு முகவரி எழுதப்பட்டிருந்தது. விருந்தினர் ஏட்டிலோ தொலைபேசி எண்கள் இருந்தன. அன்று நட்புக்காக எழுதியவை அவை. இன்று எல்லோரும் தேடிப்பிடிக்கும்படி அவற்றை விடுவது முறையன்று. பொதுப் படியில் அவற்றை மறைத்தேன். முழு மூலத்தையும் தளம் நடத்தியவரிடமும், என்னிடம் இரு வேறு வன்தட்டுகளிலும் சரிபார்ப்புத் தொகையோடு (கோப்பு மாறியிருக்கிறதா என்று கண்டறிய உதவும் எண்) வைத்திருக்கிறோம். மறைத்த படியை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றினேன். தனிநபர் ஏற்றும் வார்க் கோப்புகள் தாமாக வேபேக் மெஷினில் சேர்வதில்லை என்பதால், அத்தகைய தனிவிவரங்கள் இல்லாத முக்கியமான பக்கங்களை அதன் 'பக்கத்தைச் சேமி' வசதி வழியாகவும் கொடுத்தேன்.

சில ராம் கோப்புகள் சுட்டிய ஒலிகள், முன்பே மறைந்துவிட்ட வேறொரு தளத்தில் இருந்தவை. அவை எந்தெந்த நிலையத்தின் அடையாள இசை என்பது பட்டியலில் இருக்கிறது. பழைய நேயர்கள் வீட்டு ஒலிநாடாக்களில் பதிந்து வைத்திருக்கிறார்களா என்று இப்போது ஒவ்வொருவராகக் கேட்டு வருகிறேன்.