வெண்ணாறு வந்ததா, தெரியவில்லை

கீழ்த்தாடையில் ஞானப்பல் படுத்தவாக்கில் முளைத்திருக்கிறது, எலும்பைக் கொஞ்சம் சீவித்தான் எடுக்கணும் என்றார் தஞ்சாவூர் டாக்டர். 52 வயதில் எனக்கு எதற்கு ஞானம்! பயம் ஜாஸ்தி என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்படியானால் மிடாசோலம் ஏற்றி அரைமயக்கத்தில் செய்துவிடலாம் என்றவர், இன்னொன்றும் சொன்னார். பயந்தால் கை சில்லிட்டு நரம்பு உள்ளே போய்விடுமாம், ஊசி ஏற்றுவதே பெரும்பாடாம். அதனால் ஒரு வாரம் படுக்கப் போகும்போது மூச்சுப் பழகச் சொன்னார்.

4 எண்ணி இழுத்து, 6 எண்ணி விட வேண்டும். ஆறு என்றதும் எனக்கு ரூபக தாளம்தான். திருவையாற்றில் பிறந்து சின்ன வயதில் பாட்டு கற்றுக்கொண்ட தோஷம். தட்டி, வீசி, மறுபடி தட்டி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அதற்குள் மூச்சு முழுக்க இறங்கிவிடும். அப்புறம் கையை இறுக்கி மூடி விடுவது, தோளைக் காதுவரை தூக்கி விடுவது. 1920களிலேயே எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க டாக்டர் வகுத்த முறையாம். நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. நாக்கைத் தளரப் போட்டால் தாடை தானாக விடுகிறது.

அன்று காலை காபி கிடையாது. சாப்பாட்டை 6 மணி நேரம் முன்னாலேயே நிறுத்தியாயிற்று, தண்ணீரைக்கூட 2 மணி நேரம் முன்னால். பல்லைவிடக் காபிதான் வலித்தது.

நாற்காலியில் சாய்ந்ததும் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டினார்கள். நான் பாட்டுக்குத் தாளம் போட, கருவி கத்தத் தொடங்கியது. “அம்மா, விரலை ஆட்டாதீங்க!” என்றார் நர்ஸ். சரி என்று தாளத்தைக் கால் கட்டைவிரலுக்கு இறக்கினேன். ஊசி ஒரே குத்தில் ஏறிவிட்டது.

“பிடிச்ச இடம் எதையாவது நினைச்சுக்கோங்கம்மா.”

எனக்கு வந்தது திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸின் ஜன்னலோர சீட். வழியில் ஐந்து ஆறு, ஐந்து பாலம். காவிரிப் பாலம். படித்துறையில் யாரோ புடவை அலசுகிறார்கள். குடமுருட்டி. வெட்டாறு. வெண்ணாறு வந்ததா, தெரியவில்லை. வடவாறு நிச்சயமாக வரவில்லை.

மரத்துப்போகும் ஊசி போட்டார்களாம், திறக்கச் சொன்னபோதெல்லாம் வாயைத் திறந்தேனாம். துணைக்கு வந்த நாத்தனார் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினாளாம். திரும்பும்போது ஐந்து பாலத்தையும் தாண்டித்தான் வந்தோம் என்று சத்தியம் செய்கிறாள்.